எல்லாரும் போடியாரா, மருமகன்?

பால் சங்கத்துக்குக் கணினி வந்த நாள் தொடக்கம் மருமகன்ட கால் நிலத்தில படுறல்ல எண்டு உங்கட மாமி சொல்றாள். நல்லம். பொழுதுபட்டா பதுளை வீதியில ஆனை நிக்கிற ஊர் இது. கால் நிலத்தில படாமத் திரியிறது ஒரு வகைக்குப் பாதுகாப்புத்தான்.

கரடியனாத்து மாடு முழுக்க மோங்கோடிபி எண்ட தரவுத்தளத்துக்குள்ள போயிற்றாம். இவ்வளவு காலமும் மாடு துலைஞ்சா பட்டிக்காரன் காட்டுக்குள்ள போய்த் தேடுவான். இனி மாடு பட்டியிலதான் நிக்கும், கணக்குத் துலைஞ்சிரிக்கும், அவன் உங்களத் தேடிக்கொண்டு வருவான்.

மாமாக்கு இதில என்ன தெரியும் எண்டு நினைக்கிறீங்க. முகத்தில எழுதிக் கிடக்கு. சரிதான், நான் கணினிய முன்னால இரிந்து பாத்ததவிடப் பின்னால இரிந்து பாத்ததுதான் கூட. ஆனா வயல் தண்ணிக்கு முறை வைக்கிற வட்டவிதானையா இரிந்து தலைமயிர் நரைச்சவன். என்ட பேத்தி வந்தாறுமூலைக் கெம்பஸில கணினி படிக்கிறாள். பின்னேரத்தில அவள் வாசிச்சுக் காட்டுவாள், நான் வெத்திலையப் போட்டுக்கொண்டு கேட்டிட்டு இரிப்பன். அவளுக்குச் சோதினைக்குப் படிச்ச மாதிரி, எனக்குப் பொழுதுபோன மாதிரி. அதால ஒரு விசரன்ட கேள்வி எண்டு நினைச்சுப் பொறுமையாக் கேளுங்க.

முதல்ல ஒண்ட ஒத்துக்கொள்றன். எடுத்த சாமான் பிழையில்ல. மாட்டுக் கணக்குக்கு அட்டவணை சரிவராது. முன்ன கந்தோரில தந்த கொப்பியில எல்லா மாட்டுக்கும் ஒரே அளவுக் கூடு. ஒரு மாட்டுக்குக் குறி ஒண்டு. இன்னொண்டு மூணு கை மாறி, ஒவ்வொரு கையும் தன்ட குறியச் சுட்டு, தொடையில இடமில்லாம நிக்கும். ஒண்டுக்குக் கண்டு ஏழு, மற்றது மலடு. ஒண்டுக்குக் கால்வாய் நோய்க்கு ஊசி போட்ட திகதி இரிக்கு. மற்றது மாதவனைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போய், ஊசிக்காரர் வந்த நாளில ஊரிலயே இல்ல. குறி சுடுறதுக்கும் மாடு கைமாறுறதுக்கும் சீட்டு வேணும் எண்டு 1958ஆம் ஆண்டு 29ஆம் இலக்க விலங்குச் சட்டம் சொல்லுது. அந்தச் சீட்டுகளையும் எங்கயாவது குறிக்கவேணும். இது எல்லாத்தையும் ஒரே அச்சுக் கூட்டுக்குள்ள தள்ளினா பாதிக் கூடு வெறுங்கூடு, மிச்சக் கூட்டில எழுத்து வெளிய வழியும்.

மோங்கோடிபி மாதிரி ஆவணத் தரவுத்தளம் எண்டா மாட்டுக்கு ஒரு தாள். அந்த மாட்டுக்கு என்ன உண்டோ அத மட்டும் அந்தத் தாளில எழுதலாம். மூணு குறியெண்டா மூண்டையும் ஒரு நிரையாப் போடலாம். நாளைக்குப் புதுசா ஒரு வருத்தம் வந்தா அந்த மாட்டுத் தாளில மட்டும் ஒரு வரி கூட்டலாம், மற்றத் தாள்களத் தொடத் தேவையில்ல. ஒரு தாளுக்கு 16 மெகாபைட் வரைக்கும் இடம் தருதாம். அவ்வளவு சரித்திரம் உள்ள மாடு படுவான்கரையில இன்னும் பிறக்கயில்ல. நியூயோர்க்கில 2007இல தொடங்கின கம்பனி ஒண்டு, 2009இல வெளிய விட்ட சாமான். நம்மட பட்டிக்கெண்டே செய்தமாதிரிக் கிடக்கு.

சாமான் நல்லம். கட்டின கைதான் எனக்குச் சந்தேகம்.

தானமாத் தந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காத எண்டு பழமொழி சொல்லும். கணினியெண்டா பாக்கத்தான் வேணும், மருமகன். சங்கத்துக்கு வந்தது ஆரோ கழிச்ச பெட்டி. மோங்கோ 5.0 பதிப்பில இரிந்து, ஏவிஎக்ஸ் எண்ட வேலை தெரிஞ்ச புரொசஸர் இல்லாட்டி அது எழும்பாது. அது தெரியாம நீங்க புதுப் பதிப்ப ஏத்தி, திரையில ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ எண்டு விழுந்ததும், பொலிஸ் வருமோ எண்டு வாசலப் பாத்தீங்களாம். பேத்தி சிரிச்சுப்போட்டாள், நான் சிரிக்கயில்ல. சட்டவிரோதம் எண்டா நம்மட ஊரில ஆருக்கும் வயிறு கலங்கும். மறுகா 4.4க்கு இறங்கினீங்க. அதுக்குக் கம்பனி 2024 மாசி மாசத்தோட கைகழுவிற்று; இனி ஓட்டை கண்டாலும் அடைக்க வரமாட்டாங்க. பொறகு சங்கம் காசு சேத்துப் பெட்டி வாங்கினது. அந்தக் காச முதலே சேத்திரிக்கலாம் எண்டு நான் சொல்லமாட்டன். சொன்னா மாமி பேசுவாள்.

பொதி எடுத்த கதையும் கேள்விப்பட்டன். உபுண்டு தன்ட களஞ்சியத்தில ‘மோங்கோடிபி’ எண்டு ஒரு பழசு முன்ன வச்சிரிந்தது. கம்பனிக்காரர் தாங்களே கட்டித் தாற பொதிக்குப் பேர் ‘மோங்கோடிபி-ஓஆர்ஜி’. ரெண்டையும் ஒரே வீட்டில வைக்க ஏலா. கம்பனிட ஜிபிஜி திறப்ப முதல்ல பதிஞ்சு, அவங்கட களஞ்சிய முகவரியச் சேத்து, பொறகுதான் இறக்கவேணும். இதெல்லாம் அவங்கட கையேட்டில முதல் பக்கத்திலயே கிடக்கு. படிச்சவங்க முதல் பக்கத்தப் படிக்கிறல்ல, அது எங்களப் போல படிக்காத ஆக்களுக்கெண்டு விட்டிட்டுப் போறாங்க.

இப்ப அனுமதிக் கதைக்கு வாறன். நீங்க பேசுற ‘பேர்மிஷன்’ டேட்டாபேஸுக்குள்ள தொடங்குது எண்டு நினைச்சீங்க. அது வாசல்லயே தொடங்கிற்று. சேர்விஸ் ஒருக்கா எழும்பயில்ல எண்டதும் கோபத்தில ‘சூடோ’ போட்டு, ரூட்டா நிண்டு, கையால ‘மோங்கோடி’ய ஓட்டினீங்க. ஓடிற்று. சந்தோசம். ஆனா அது ஓடின நேரத்தில எழுதின கோப்பெல்லாம் ரூட்டிட பேரில விழுந்திற்று. அடுத்த நாள் முறையா ‘சிஸ்டம்சிடிஎல்’ போட்டு எழுப்பேக்க, ‘மோங்கோடிபி’ எண்ட பேரில வேலை செய்ற கணக்குக்கு தன்ட சொந்தக் கோப்பையே திறக்க ஏலாமப் போயிற்று. வேலைக்காரன் வாசலில நிக்கிறான், முதலாளி திறப்ப மடியில கட்டிக்கொண்டு வேலைக்காரன் சோம்பேறி எண்டு பேசுறார். கோப்புகளத் திருப்பி ‘மோங்கோடிபி’ பேருக்கு மாத்தினாச் சரி, ‘சௌன்’ எண்டு ஒரு வரி வேலை. நீங்க என்ன செய்தீங்க? 777. ஆரும் வாசி, ஆரும் எழுது, ஆரும் ஓட்டு. ஒரு ஆளுக்குக் கதவு திறக்க ஏலயில்ல எண்டதுக்காக வீட்டுச் சுவர இடிச்ச மருமகன் எனக்கு வாய்ச்சிரிக்கார்.

அதுவும் பறவாயில்ல, அது உள்வீட்டு விசயம். அதுக்கு மறுகா செய்ததுதான் மாமாட நித்திரையக் கெடுத்தது. மோங்கோ பிறந்தபடி கிடந்தா 127.0.0.1 எண்ட முகவரியில மட்டும்தான் காது குடுக்கும், அந்தப் பெட்டிக்குள்ள இரிந்து பேசுறவனுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். லினக்ஸ் பொதியில அது முன்னமே அப்பிடித்தான். 2017 முடிவில வந்த 3.6 பதிப்பில இரிந்து எல்லாத்துக்கும் அதுதான் முறை. நீங்க செங்கலடிக் கடையில பிளேன்டீ குடிச்சுக்கொண்டு போனில மாடு எண்ணிப் பாக்க ஆசைப்பட்டு, ‘பைண்ட் ஐபி’ய 0.0.0.0 எண்டு மாத்தினீங்க. அப்பிடியெண்டா உலகத்தில எவன் கதவத் தட்டினாலும் வாங்க எண்ட கதை. வாசல் இலக்கமும் எல்லாருக்கும் தெரிஞ்சது, 27017. மாத்தினது கூடப் பெரிசில்ல. பூட்டு? மோங்கோ இறக்கின உடன அதில பூட்டு இல்ல, மருமகன். ‘ஆதரைசேஷன்’ எண்டத நாமளே கான்ஃப் கோப்பில ‘எனேபிள்ட்’ எண்டு எழுதாட்டி, வந்தவன் எல்லாம் வீட்டுக்காரன்.

“கரடியனாறு எங்க கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும் மாமா” எண்டு அண்டைக்குக் கேட்டீங்க. நல்ல கேள்வி. கொழும்பில உள்ளவனுக்கே தெரியாது. ஆனா களவெடுக்க வாறவன் ஊர்ப் பேர் கேட்டு வாறல்ல. முகவரி எல்லாம் இலக்கம். ஒரு நிரல ஓட்டி விட்டா அது ஒண்டில இரிந்து கடைசி வரைக்கும் தட்டிக்கொண்டே போகும். ஷோடன் எண்டு ஒரு தேடுபொறியே கிடக்காம், எந்த முகவரியில எந்த வாசல் திறந்து கிடக்கெண்டு பட்டியல் போட்டு வச்சிரிக்குமாம். 2015ஆம் ஆண்டே அதில முப்பதாயிரம் அளவு மோங்கோ பூட்டில்லாமக் கிடந்ததாம். கண்டவங்க சொன்னாங்க. மற்றவங்க கேட்டிட்டுப் படுத்திட்டாங்க.

2016 மார்கழி முடிவில தொடங்கிச்சு. திறந்து கிடந்த மோங்கோவுக்குள்ள பூந்து, உள்ளுக்கிரிந்ததெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, ஒரு துண்டு எழுதி வச்சிட்டுப் போனான் ஒருத்தன்: 0.2 பிட்கொயின் அனுப்பு, திருப்பித் தாறன். ஒல்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் விக்டர் கெவெர்ஸ் அதக் கண்டு ஊருக்குச் சொன்னார். அதப் பாத்து மற்றக் கள்ளரும் இறங்கிட்டாங்க. அடுத்த தை மாசம் பாதியாகு முன்னம் 27,000க்கு மேல போயிற்று. இதில வேடிக்கை என்னெண்டா, ஒருத்தன் அழிச்சு வச்ச துண்ட அடுத்தவன் கிழிச்சுப்போட்டுத் தன்ட துண்ட வச்சிட்டுப் போயிரிக்கான். காசு கட்டினவன் ஆருக்குக் கட்டினான் எண்டு அவனுக்கே தெரியாது. கனபேர்ட தரவ அவங்க எடுத்து வைக்கவுமில்ல, சும்மா அழிச்சதுதான். காசும் போச்சு, கணக்கும் போச்சு.

சரி, உலகம் திருந்தியிரிக்கும் எண்டு நினைப்பீங்க. 2020 ஆடியில திரும்பவும் 22,900 அளவு மோங்கோவில துண்டு கிடந்தது. விலை குறைஞ்சிற்று, 0.015 பிட்கொயின். ஆனா அந்தத் துண்டில புதுசா ஒரு வரி: காசு கட்டாட்டி, நீ கதவு பூட்டாம வச்சிரிந்தாய் எண்டு ஐரோப்பியத் தரவுச் சட்டக்காரரிட்ட முறைப்பாடு வைப்பன். களவெடுத்தவன் பொலிஸுக்குப் போகப் போறனெண்டு வெருட்டுறான் மருமகன், வீட்டுக்காரன் கையெடுத்துக் கும்பிடுறான். நம்மட நாட்டிலயும் அதுக்குச் சட்டம் எழுதி வச்சிரிக்காங்க. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பூந்தவனப் பிடிக்கிறதுக்கு. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம், ஆக்கள்ட தனிப்பட்ட தரவ வச்சிரிக்கிறவன் அத ஒழுங்காப் பாதுகாக்கவேணும் எண்டு சொல்லுது. சங்கத்தில எழுநூறு மாடு எண்டா சிரிப்பீங்க. அந்த மாட்டுக்காரர்ட அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் அதே பெட்டிக்குள்ளதானே கிடக்கு?

மோங்கோவ மட்டும் பேசினாப் பாவம். கௌச்டிபி எண்டு இன்னொரு ஆவணத் தரவுத்தளம், அப்பாச்சிக்காரர் நடத்துறது. அது முந்தி இறக்கின உடன ஆரும் நிர்வாகி. ஆரும் எதையும் செய்யலாம். அத மறைக்கவுமில்ல, அவங்களே அதுக்கு ‘அட்மின் பார்ட்டி’ எண்டு பேர் வச்சிரிந்தாங்க. 2020 மாசியில 3.0 பதிப்பு வந்தபொறகுதான் அந்தக் கொண்டாட்டத்த நிப்பாட்டி, முதல்ல ஒரு நிர்வாகியப் பதி, பொறகு எழும்புறன் எண்டது. பேத்தி இத வாசிக்க நான் வெத்திலையத் துப்பிப்போட்டுச் சிரிச்சன். எல்லாரும் காணிக்காரப் போடியார். அப்ப வயல் செய்ற முல்லைக்காரன் ஆரு? வரம்பு கட்டுறது ஆரு? விடியச் சாமம் பண்டிக் காவலுக்குப் போறது எந்தப் போடியார்?

உறுகாமக் குளத்துத் தண்ணி வட்டைக்கு எப்பிடி வருது எண்டு ஒருக்காப் பாருங்க. பள்ளிக்கூடத்தில இதச் சொல்லித் தந்திருக்கமாட்டாங்க. துருசுத் திறப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள்ட கையில. அவர் திறப்பார், பூட்டுவார். ஒரு சுண்டு நெல்லு அவருக்குச் சொந்தமில்ல. எண்டைக்குத் திறக்கிறது எண்டு அவர் தீர்மானிக்கவும் ஏலா, அது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால தீர்மானிக்கிறது. விதைப்புக்கு எண்டைக்குக் கடைசி நாள், வட்டைக்குள்ள இரிந்து மாட்ட எண்டைக்குக் கிளப்புறது எண்டதும் அங்கதான். தண்ணி வாய்க்காலுக்கு வந்தபொறகு எந்த வரவைக்கு முதல் எண்டு முறை வைக்கிறது வட்டவிதானை. எனக்கு ஏக்கருக்கு இவ்வளவு நெல்லு எண்டு கூலி. முறை வைப்பன், வேலி பாப்பன், சண்டை தீப்பன். அடுத்தவன்ட கதிரில கைவைக்க எனக்கு அதிகாரமில்ல. முல்லைக்காரன் தன்ட வரவைய உழுவான், வெட்டுவான். பக்கத்து வரவைத் தண்ணியத் திருப்பினா அடுத்த கூட்டத்தில நிப்பான். காணிக்காரப் போடியார் மட்டக்களப்பில கல்வீட்டில இரிப்பார். காணி முழுக்க அவர்ட. ஆனா பாதி ராவில வந்து துருசத் திறவுங்க எண்டா ஆரும் திறக்கமாட்டாங்க.

பாத்தீங்களா, ஒருத்தன்ட கையிலயும் முழுசு இல்ல. 1958இல நெற்காணிச் சட்டம் வந்து பயிர்ச்செய்கைக் குழு எண்டாங்க. 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வந்து கமக்கார அமைப்பு எண்டாங்க. பலகையில பேர் மாறிச்சு. திறப்பப் பிரிச்சு வைக்கிற புத்தி மாறயில்ல. நீங்க சங்கத்தில கணினிக்கு முன்னால இரிக்கிற ஆறு பேருக்கும் ‘ரூட்’ குடுத்து வச்சிரிக்கீங்க. பால் அளக்கிற புள்ளைக்கும் ரூட். கூட்டுற மனிசி பாஸ்வேட்டக் கேக்கயில்ல, கேட்டிரிந்தா அவளுக்கும் ரூட்.

இனிச் சொல்றதக் கேட்டு எழுதிக்கொள்ளுங்க. பேத்தி சொன்னது, நான் உப்புப் புளி போட்டுச் சொல்றன்.

முதல்ல கான்ஃப் கோப்பில ஆதரைசேஷன எனேபிள் பண்ணி, சேர்விஸ ஒருக்கா நிப்பாட்டி எழுப்புங்க. புதுப் பெட்டியில அப்பிடிப் பூட்டுப் போட்டாலும், முதல் கணக்குக்கு மட்டும் மோங்கோ ஒரு சலுகை வச்சிரிக்கு. ஒரு கணக்கும் இல்லாத நேரத்தில, அந்தப் பெட்டிக்குள்ளயே இரிந்து பேசுறவன், ‘அட்மின்’ எண்ட டேட்டாபேஸில ஒரே ஒரு கணக்கப் பதியலாம். அது நிர்வாகிக் கணக்கா இரிக்கட்டும். பதிஞ்ச உடன அந்தச் சலுகை முடிஞ்சிரும். பதியேக்க பாஸ்வேட்டக் கட்டளையோட சேத்து எழுதாதீங்க. ‘பாஸ்வேட்ப்ராம்ப்ட்’ எண்டு போட்டா அது தனியாக் கேக்கும், ஒளிச்சு எழுதலாம். சங்கத்துப் பேரோட 123 சேத்து வைக்கவும் வேணாம். அந்த 123 இலங்கையில எத்தனை சங்கத்துக்குக் காவல் நிக்குதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அடுத்தது, தலைவர் வந்து “பாஸ்வேட் சரி, உள்ள விடுதில்ல” எண்டு கத்தினாரே, அது அவர்ட பிழையில்ல. மோங்கோவில கணக்கு எந்த டேட்டாபேஸில பதிஞ்சதோ அதுதான் அதுட பிறந்த ஊர். ‘அட்மின்’இல பதிஞ்சு போட்டு, ‘மாடு’ எண்ட டேட்டாபேஸில போய்ப் பேரச் சொன்னா, இப்பிடி ஒரு ஆள் இஞ்ச இல்லயே எண்டு முகத்தில அடிச்சாப்போல சொல்லும். ‘ஆத்சோர்ஸ்’ எண்ட இடத்தில அட்மின் எண்டு எழுதினா வேலை முடிஞ்சுது. தலைவரும் சந்தோசம். அவருக்கு உள்ள போய் என்ன செய்றதெண்டு தெரியாது, ஆனா போக ஏலுமெண்டது தெரியவேணும்.

மறுகா பொறுப்புகள். பேரப் பாத்து ஏமாறாதீங்க, மாப்பிள்ளை பாக்கிற இடத்தில கூட நாங்க பேரப் பாத்து முடிக்கிறல்ல. ‘ரீட்’ எண்டா வாசிக்கலாம், அவ்வளவுதான்; தலைவருக்கு இது காணும். ‘ரீட்ரைட்’ எண்டா வாசிக்கலாம், எழுதலாம் எண்டு நினைச்சுக் குடுப்பீங்க. அதில அழிக்கிறதும் சேத்தி. ஒரு தாள் மட்டுமில்ல, தாளெல்லாம் சேந்த முழுக் கட்டையும் ‘ட்ரொப்’ எண்டு ஒரே சொல்லில இல்லாமப் பண்ணலாம். ‘டிபிஅட்மின்’ இன்னும் விசேசம். அவருக்கு நம்மட மாட்டுத் தாள வாசிக்க ஏலா, ஆனா டேட்டாபேஸையே தூக்கி எறிய ஏலும். எழுத்துத் தெரியாதவன்ட கையில நெருப்புப் பெட்டி. ‘யூசர்அட்மின்எனிடேட்டாபேஸ்’ எண்டது வெளிப் பார்வைக்குப் பாவப்பட்ட பதவி, கணக்குத் திறந்து மூடுற வேலை மட்டும். ஆனா அவர் தனக்குத் தானே எந்தப் பதவியையும் எழுதிக்கொள்ளலாம். காலையில பதிவாளர், மத்தியானம் போடியார். இதக் குடுக்கிற ஆள நல்லாப் பாத்துக் குடுங்க. வேற ஆள் இல்லாட்டி நீங்களே வச்சிரிங்க, ஆனா அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கால போகாதீங்க. அதுக்கு உங்களுக்கு வேற ஒரு சின்னக் கணக்கு.

பால் அளக்கிற புள்ளைக்கு என்ன வேணும்? விடிய வாற பால அளந்து, லீற்றரையும் கொழுப்பையும் எழுதவேணும். எழுதினத வாசிக்கவேணும். நேத்து எழுதினதத் திருத்தத் தேவையில்ல. திருத்த ஏலுமெண்டா, அவள் எவ்வளவு நல்ல புள்ளையா இரிந்தாலும், ஒரு மாமன் வந்து “என்ட கணக்கில ரெண்டு லீற்றர் கூட்டி விடு கா” எண்டு கேக்கத்தான் போறான். அவளால இல்லையெண்டும் சொல்ல ஏலாது, சொந்தம். மோங்கோவில நாமளே ஒரு பொறுப்புக் கட்டலாம், ‘கிரியேட்ரோல்’ எண்டு. ‘பால்’ எண்ட ஒரு கட்டில மட்டும், ‘ஃபைண்ட்’ உம் ‘இன்சேட்’ உம். ‘அப்டேட்’ இல்ல, ‘ரிமூவ்’ இல்ல. பிழையா எழுதினா, முகாமையாளர் இன்னொரு தாளில திருத்தம் எழுதட்டும். பழையதும் கிடக்கும், புதியதும் கிடக்கும். அப்ப அந்த மாமன் வந்து கேட்டா, “எனக்கு ஏலா மாமா, பெட்டி விடுதில்ல” எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போடுவாள். அனுமதி குடுக்காம விடுறது சில நேரம் அந்தப் புள்ளைக்குச் செய்ற உதவி, மருமகன். உங்களுக்கு இது இப்ப விளங்காது, உங்களிட்ட இன்னும் ஆரும் கடன் கேக்கயில்ல.

மிருக வைத்தியர் ஐயாக்கு ஊசித் திகதி தெரியவேணும், வருத்தம் தெரியவேணும். மாட்டுக்காரன்ட வங்கிக் கணக்கு அவருக்கு என்னத்துக்கு? மோங்கோட பொறுப்புகள் ஒரு கட்டு முழுக்கத்தான் திறக்கும், ஒரு தாளில பாதிய மறைக்க அதுக்குத் தெரியாது. அதுக்கு ‘வியூ’ எண்டு ஒண்டு கிடக்கு. மறைக்கவேண்டியதத் தவிர்த்திட்டு மிச்சத்த மட்டும் காட்டுற ஒரு வியூவச் செய்து, அதில மட்டும் அவருக்கு ‘ஃபைண்ட்’ குடுங்க. ஐயா சந்தோசமாப் பாப்பார், மாட்டுக்காரனும் நிம்மதியாப் படுப்பான்.

போனில பாக்கிற செயலிக்கும் தனிக் கணக்கு. உங்கட நிர்வாகிக் கணக்கு பாஸ்வேட்ட அந்த நிரலுக்குள்ள எழுதி, கொழும்புச் சிநேகிதனுக்கு ‘மச்சான் இதக் கொஞ்சம் பார்’ எண்டு வாட்ஸ்அப்பில அனுப்பினது மாமாக்குத் தெரியும். பேத்தியும் அந்தச் சிநேகிதன்ட தங்கச்சியும் ஒரே வகுப்பு. அண்டைக்கே அந்தப் பாஸ்வேட் செத்திற்று, நீங்க இன்னும் அதோட குடும்பம் நடத்துறீங்க. வெளிய இரிந்து பாக்கத்தான் வேணுமெண்டா, பைண்ட் ஐபியத் திருப்பி உள்முகவரிக்கே போட்டிட்டு, எஸ்எஸ்எச் வழியா உள்ள வாங்க. ஃபயர்வாலில 27017ஐ மூடுங்க. நாளைக்கு டொக்கரில ஓட்டப் போறன் எண்டு கிளம்புவீங்க, அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்: டொக்கர் தான் வெளிய காட்டுற வாசலுக்கு, உபுண்டுட யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடை போட்டிரிந்தாலும் அதச் சுத்திக்கொண்டு போயிரும். பூட்டின கதவுக்குப் பக்கத்தில புதுக் கதவு.

இதெல்லாம் வெள்ளக்காரன்ட நாட்டுக் கதை, நம்மட நாட்டில ஆரு செய்வான் எண்டு தலைவர் கேட்டாராம். நம்மட நாட்டில வெளிய இரிந்து வந்து செய்யவே தேவையில்ல. 2021 ஆடியில, நாட்டு மருந்துகள ஒழுங்குபடுத்துற அதிகாரசபைட தரவு அரசாங்க மேகக் கணினியில இரிந்தபடி அழிஞ்சுபோச்சு. குற்றப் புலனாய்வு வந்தது, ஒரு மென்பொருள் பொறியியலாளரக் கைது செய்தாங்க. ஆர் பிழை எண்டத நீதிமன்றம் பாக்கட்டும். எனக்கு விளங்கினது ஒண்டுதான்: அழிக்கிற திறப்பும் பிரதியும் தனித்தனிக் கையில இரிந்திருந்தா, ஒரு நாட்டுட மருந்துப் பதிவு அப்பிடி அந்தரத்தில நிண்டிராது.

அடுத்தது 2023 ஆவணி 26. அரசாங்க மேகத்தில கப்பம் கேக்கிற வைரஸ் பூந்து, அரசாங்க மின்னஞ்சல் முகவரி 5,000 அளவில அடிபட்டது, அமைச்சரவைக் கந்தோர் உட்பட. கெதியா எழுப்பிட்டாங்க, அது பாராட்டத்தான் வேணும். ஆனா வைகாசி 17இல இரிந்து ஆவணி 26 வரைக்கும் உள்ள கடிதமெல்லாம் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குப் பிரதி இல்ல. மந்திரிமார்ட கடிதமே அப்பிடிப் போகேக்க, கரடியனாத்துக் கறுத்தப் பசுட கடிதத்த ஆரு தேடுவான்?

பிரதி எடுக்கிறதுக்கும் தனிக் கணக்கு உண்டு, ‘பேக்கப்’ எண்ட பொறுப்போட. ‘மோங்கோடம்ப்’ ஒவ்வொரு ராவும் தானா ஓடட்டும். எடுத்த பிரதி அதே பெட்டிக்குள்ள கிடந்தா அது பிரதியில்ல. 78 கார்த்திகைச் சூறாவளியப் பாத்த சனம் நாங்க, ரெண்டாம் கொப்பிய வேற ஊரில வைக்கிற பழக்கம் அண்டைக்கு வந்தது. இடம்பெயர்ந்து ஓடின காலத்தில பொம்பிளைகள் நகையோட மாட்டுச் சீட்டையும் முடிஞ்சுகொண்டு ஓடினாங்க, அது இல்லாட்டித் திரும்பி வந்து இது என்ட மாடு எண்டு ஆரிட்டச் சொல்றது? எடுத்த பிரதிய வேற ஒரு பெட்டியில ‘மோங்கோரிஸ்டோர்’ போட்டுத் திறந்தும் பாருங்க. திறந்து பாக்காத பிரதி இரிக்கெண்டு நீங்க சொன்னாலும் நான் நம்பமாட்டன்.

இண்டைக்கு ராவைக்கே மூணு வேலை. பழைய செயலாளர்ப் பொடியன் கட்டாருக்குப் போய் எத்தனையோ மாசம், அவன்ட ரூட் கணக்கு இன்னும் உயிரோட கிடக்கு. ‘ட்ரொப்யூசர்’ போட்டு மூடுங்க. அவன் தங்கமான பொடியன்தான், ஆனா அவன்ட பழைய போன் இப்ப ஆர்ட கையில கிடக்கெண்டு அவனுக்கே தெரியாது. பைண்ட் ஐபியத் திருப்பி மாத்துங்க. அந்த 777ஐ எடுங்க. மற்றதெல்லாம் நாளைக்கு, பேத்தியும் வருவாள், கூட இரிந்து செய்யலாம்.

வேலை முடிஞ்சா எனக்கும் ஒரு கணக்குத் திறந்து தாங்க. பயப்படாதீங்க, ‘ரீட்’ மட்டும் காணும், அதுவும் என்ட பட்டி மட்டும் தெரியிற ஒரு வியூவில. போன மாசம் எனக்குத் தந்த பால் காசில கொஞ்சம் குறையுது, கணக்கில என்ன எழுதியிரிக்கெண்டு நானே ஒருக்கா வாசிச்சுப் பாக்கவேணும்.